வாடகைப் பெடியள் ஆடமாட்டோம் என்ற நாள்

அம்மா,

குசினியில் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைந்துகொண்டிருக்கிறது. என் கணவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. முன்னறையில் ரீவிக்கு முன்னால் காலை நீட்டியபடி இருக்கிறார். வெளிநாட்டில் எங்கேயோ ஒரு பெரிய கழகத்தின் உதைபந்தாட்டக்காரர்கள், சம்பளப் பிரச்சினை தீரும்வரை ஆடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். "கோடி கோடியா வாங்கிறாங்கள், இன்னும் காணாதாம் உவங்களுக்கு! பாக்கிற நாங்கள் என்ன விசரங்களோ?" என்று இவர் போடுகிற சத்தம் குசினிவரை வருகிறது. இந்த மணமும் இந்தச் சத்தமும் ஒன்றாக வந்தால் நான் என்ன செய்வேன்? தாச்சியை இறக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத வந்துவிட்டேன்.

ஆட்ட நாள்களில் இதே எண்ணெயை நீங்கள் காய்ச்சுவீர்கள். எங்கள் ஊர்ப் பெடியள் வரிசையாக வந்து காலில் பூசிக்கொண்டு போவார்கள். உதைபந்து என்றால் உங்களுக்கு உயிர். அது எங்கிருந்து வந்து தொற்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாகூட அப்படியில்லை, அவருக்குக் கடலும் வலையும் பின்னேர நித்திரையும் போதும். நீங்களோ, ஊர்காவற்றுறையில் கோயில் திருநாளையொட்டி நடக்கும் சுற்றுப்போட்டியில் எங்கள் ஊர் ஆடுகிறதென்றால், விடியவே மீனை வெட்டிக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவீர்கள். கோட்டுக்கு வெளியே நிற்பது உங்கள் கால் மட்டும்தான். சத்தம் முழுவதும் உள்ளே.

"டேய், உது காலோ, கொட்டனோ?" என்பீர்கள். நடுவரையும் விடமாட்டீர்கள். "றெஃபரி, கண்ணாடியை வீட்டில வைச்சிட்டே வந்தனீர்?" எழுவைதீவிலிருந்து வள்ளத்தில் வந்து ஆடுகிறவர்கள்கூட, "அந்தக் கத்திற அம்மா வந்திட்டாவோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் சப்பாத்துக் கட்டுவார்கள். பள்ளிக்கூடத் தோழிகளோடு வருகிற நான் மைதானத்தின் மறுகரையில் போய் நின்றுகொள்வேன். அந்த வயதில் அப்படித்தான்.

ஆனாலும் எங்கள் ஊர் ஒருநாளும் இறுதியாட்டம் கண்டதில்லை. முதல் சுற்று, மிஞ்சினால் இரண்டாம் சுற்று, பிறகு வீட்டுக்கு. சமாதானக் காலம் வந்து கடலும் பாதையும் திறந்தபோதுதான் கழகத் தலைவராயிருந்த உங்கள் அண்ணை, எங்கள் மாமா, ஒரு முடிவெடுத்தார். காசு கொடுத்து வெளியிலிருந்து ஆட்டக்காரரை இறக்குவது. வெளிநாட்டிலிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் அனுப்பினார்கள். மீதியை ஊர் போட்டது. பிடித்த மீனைக் கரையில் பங்கு பிரிக்கும்போது வள்ளத்துக்கு, வலைக்கு, போன ஆள்களுக்கு என்று வைத்த பிறகு, கழகத்துக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். எங்கள் வள்ளத்தை ஓட்டிய அண்ணனும் வைத்தான். வைக்கிறானா என்று பார்க்க நீங்களே கரைக்குப் போவீர்கள்.

அப்படி வந்தவர்கள்தான் அந்த நான்கு பேரும். மூன்று பேர் பட்டணத்தில், ரவுன் பக்கம், பந்து காக்கிறவன் மன்னார். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் வாடகைப் பெடியள். ஒரு ஆட்டத்துக்கு அவர்கள் வாங்கிய காசை அண்ணன் கடலில் கிடந்து உழைத்துச் சேர்க்க நாள் பல ஆகும். அது எல்லோருக்கும் உள்ளுக்குள் குத்தியது, எனக்கும்தான். ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோது வாய் மூடிக்கொண்டது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். நண்டுக் கறியும் கூழும் வைத்து, "வடிவாச் சாப்பிடுங்கோ தம்பியவை, ஓடவேணுமெல்லே" என்று நீங்கள் பரிமாறுவதைப் பார்த்தால், நாங்கள் என்ன நீங்கள் பெறாத பிள்ளைகளோ என்று அண்ணன் முறைப்பான்.

ஊர் முதன்முறையாக இறுதியாட்டத்துக்கு வந்தது. அரையிறுதியில் கம்பத்தோடு மோதி மன்னார்ப் பெடியனின் கை முறிந்தது. அந்த முறிந்த கையோடுதான் கடைசிப் பந்தையும் தட்டிவிட்டான். நீங்கள் அன்று அழுததை நான் மறுகரையிலிருந்தே கண்டேன்.

இறுதியாட்ட நாள் மதியம் நினைவிருக்கிறதா? நீங்கள் குசினியில் பெரிய சட்டியோடு போராடிக்கொண்டிருந்தீர்கள். வாடகைப் பெடியள் விறாந்தையில், கழகக்காரரோடு ஏதோ கதை. திடீரென்று வேலிக்கு வெளியே சனம் கூடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா பின்வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னா: "உங்கட வீட்டில இருக்கிறவை ஆடமாட்டினமாம். கூடக் காசு கேட்டு இருந்திட்டினமாம்."

உங்கள் முகம் மாறிய விதம்! நாலரைக்கு ஆட்டம். அணி இறங்காவிட்டால் கிண்ணம் ஆடாமலே எதிரணியான ரவுன் கழகத்துக்குப் போய்விடும். எத்தனை வருடம் நீங்கள் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியது இந்த ஒரு நாளுக்காகத்தான். அகப்பையோடு விறாந்தைக்குப் பாய்ந்தீர்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். உண்மையைச் சொன்னால், அவர்களை நாலு வார்த்தை நானும் கேட்க வேண்டுமென்றுதான் ஓடினேன்.

"என்னடா காணாது உங்களுக்கு? இந்த ஊர்ச் சனம் தன்ர வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி, மீனை வித்துத் தந்த காசடா அது! கடைசி நாளில கழுத்தை அறுக்கவே வந்தனீங்கள்? இதை முதலே சொல்லியிருந்தா எங்கட பெடியளை வைச்சுத் தோத்திருப்பமே, மரியாதையா!"

வேலிக்கு வெளியே கைதட்டல். ஒருவன், "அடிச்சுக் கலையுங்கோ உவங்களை!" என்றான். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். அப்போது மூலைக் கதிரையில், கட்டுப்போட்ட கையோடு இருந்த மன்னார்ப் பெடியன் எழும்பினான்.

"அம்மா, நான் வந்த பஸ்ஸிலயே திரும்பிப் போறன். இவையளை ஆடச் சொல்லுங்கோ. என்னாலதான் பிரச்சினை."

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இறுதியாட்டத்துக்கு வேறொரு பந்துக்காப்பாளரைக் கழகம் பிடித்துவிட்டது. கை முறிந்தவனுக்கு இனிப் பங்கில்லை, சட்டையுமில்லை, மைதானத்துக்குப் போகும் வான் வண்டியில் இடமுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற மூவரும் தங்களுக்கென்று ஒரு சதமும் கூடக் கேட்கவில்லை. எங்களுக்குத் தருவதை அவனுக்கும் தர வேண்டும், அவனும் எங்களோடு வந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் இறங்கமாட்டோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அது வாசல் படலை தாண்டும்போது "கூடக் காசு" ஆகிவிட்டது.

நீங்கள் அகப்பையை விறாந்தைக் கட்டின்மேல் வைத்தீர்கள். கழகக்காரரோடு இருந்த மாமாவைப் பார்த்தீர்கள்.

"உண்மையோ அண்ணை?"

மாமாவுக்குக் கோபம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "அது வேற, இது வேற. இது தொழில் இல்லை, விளையாட்டு. ஆடாதவனுக்கு என்னத்துக்குக் குடுக்கிறது? காசு ஊரின்ர காசு."

"ஊரின்ர காசு எண்டபடியாத்தான் கேக்கிறன். உங்கட வள்ளத்தில வந்தவன் கையை முறிச்சா, கரையில இறக்கிவிட்டிட்டு, உனக்கு இனிப் பங்கில்லை, போ எண்டு சொல்லுவியளோ?"

எங்கள் கரையில் அப்படி யாரும் சொன்னதில்லை. வள்ளத்தில் போகிறவன் நோயில் விழுந்தாலோ அடிபட்டாலோ அவன் எழும்பும்வரை அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பந்து, கிண்ணம், வெளியாள், காசு என்று வந்தவுடன் அந்தப் பழக்கம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மைதானத்தில் கத்துகிற உங்களை எனக்குத் தெரியும். இந்த அம்மாவைத் தெரியாது.

"இவளின்ர அப்பா படுக்கையில கிடக்கேக்க, நீங்கள் ஒவ்வொரு நாளும் மீன் கொண்டுவந்து இந்தக் குசினி வாசலில வைச்சனீங்கள். அதைத்தான் நாங்கள் திண்டனாங்கள். அவர் அண்டைக்குக் கடலுக்கு வந்தவரோ அண்ணை?"

வேலிக்கு வெளியிலிருந்து யாரோ ஒருவர், "அவர் எங்கட ஆள், உவங்கள் எங்கட ஆக்களோ?" என்று கேட்டுப் பார்த்தார். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினீர்கள். "கோல் அடிக்கேக்க தோளில தூக்கினனீங்களெல்லே? அப்ப ஆற்ற ஆக்கள் எண்டு கேட்டனீங்களோ?"

மாமா எழும்பி வெளியே போனார். போய்விட்டார், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெளியே நின்ற வான் வண்டியின் முன்கதவைத் திறந்து, எப்போதும் தான் இருக்கும் முன் இருக்கையைக் கையால் தட்டித் தூசி போக்கிவிட்டு, "ஏறும் தம்பி, கை இடிபடாமல் இரும்" என்று மன்னார்ப் பெடியனைக் கூப்பிட்டார். "மற்றவையின்ர பங்குதான் உமக்கும்." அந்த மாமாவை நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். ஊருக்கு முன்னால் இறங்கிவர எல்லோராலும் ஏலாது.

நீங்கள் மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்து, புதுச் சட்டையின் ஒரு கையைக் கிழித்து, கட்டுக்கு மேலால் அவனுக்கு மாட்டிவிட்டீர்கள். மூன்று பேரையும் பார்த்து, "இனித் தோத்தியளோ, இராச் சோறு இல்லை" என்றீர்கள்.

அன்று மைதானத்தில் நான் தோழிகளிடம், "நான் என்ர அம்மாவோட நிக்கப்போறன்" என்று சொல்லிவிட்டு உங்கள் பக்கத்துக்கு வந்தேன். நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை. பந்துதான் உங்கள் கண்ணில். ரவுன் கழகம் ஒரு கோல் போட்டது. கடைசி நேரத்தில் எங்கள் முன்வரிசைக்காரன், வாடகைப் பெடியன்தான், வெறும் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு பந்தை வானத்துக்கு அடித்தான். தோற்றோம்.

"ஐயோ, ஐயோ, மாதாவே! உதுக்கோடா காசு? உதை என்ர ஆடு அடிச்சிருக்குமேடா!" நீங்கள் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அவர்களுக்காக ஊரோடு மோதிய மனிசி இவதானா என்று இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போதும் விடவில்லை. அவன் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்துக்கொண்டே திட்டினீர்கள். அவனும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான்.

அவர்கள் போனபிறகு பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "அம்மா, அவையள் தங்களுக்குத்தான் கூடக் காசு கேட்டிருந்தா என்ன செய்திருப்பியள்?"

"கேக்கட்டுமன். ஓடுறது அவங்கட கால்."

"பிறகேன் அப்பிடிக் கத்தினனீங்கள்?"

"கேக்கிறது அவங்கட உரிமை. கத்திறது என்ர உரிமை. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்பிறாய்?" என்று சொல்லிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

நான் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்ததை நீங்கள் பார்த்தீர்கள். முதல் நாள் பண்ணைப் பாலம் கடந்து போன பஸ்ஸில் என்னோடு வந்து, வாசலில் நின்று, உள்ளே வராமல் திரும்பினீர்கள். நீங்கள் இருந்து பார்க்காத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன வருடம் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம், அம்மா. வாசலில் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாதாந்தக் கொடுப்பனவு எடுக்கச் சரவணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு வயதான மனிசி, பூட்டிய கதவைக் கண்டுவிட்டுத் தொடங்கினா. "மாசம் முடிய முதல் சம்பளம் எடுக்கிறியள், நிழலில இருந்து வேலை செய்யிறியள், இன்னும் என்ன காணாது உங்களுக்கு? நாங்கள் ஏழையள் என்ன நாயளே?" ஒரு சொல்லும் மிச்சமில்லை. எங்களில் இளையவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பதிலுக்குச் சத்தம் போடப் போனார்கள்.

நான் வாசலில் கிடந்த காவலாளியின் கதிரையைத் தூக்கி வந்து அவவுக்குப் பக்கத்தில் போட்டேன். "இருந்து கத்துங்கோ அம்மா, கால் நோகும்" என்றேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. இருந்தா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினா. நான் பதாகையையும் விடவில்லை, அவவின் பக்கத்தை விட்டும் நகரவில்லை.

கூட வேலை செய்கிறவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உமக்குத் தெரிஞ்ச மனிசியோ?"

"ஓம்" என்றேன்.