உறுதி செய்யப்பட்ட செய்தி

சாந்தோம்,
ஜூலை 19, சனிக்கிழமை

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் இரக்கத்தில் இங்கே நான் சுகமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஸ்டீவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் பூசையில் மூன்று பேர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்திருப்பதால் லஸ் பக்கம் போக ஊரையே சுற்ற வேண்டியிருக்கிறது, முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய், நானும் எல்லாம் நல்லபடி என்று சொல்லி வைத்துவிடுவேன். இது அப்படி வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை அம்மா.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும், காப்பி குடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கணக்கு வாத்தியார் ராமானுஜம் சார் காலமானார், மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள் என்று எழுதி, அவர் முகத்துக்குக் கீழே விளக்கு எரிகிற மாதிரி போட்டிருந்தது. ராமானுஜத்தை உனக்கு நினைவிருக்கும், கோபாலபுரத்துக்காரர், என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர், நீ பத்தாவது படிக்கும்போது வீட்டுக்கே வந்து அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர். எனக்கு ஹெட்மாஸ்டர் பதவி வர இருந்தபோது நிர்வாகத்திடம் எனக்கு எதிராகப் பேசினார் என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேச்சை நிறுத்திவிட்டேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

உண்மைதானா என்று இன்டர்நெட்டில் தேடினேன். அஞ்சலி போடுகிற ஒரு பக்கத்தில் அதே படம், அதே வாசகம், ஃபேஸ்புக்கிலும் அதே. மூன்று இடத்தில் இருந்தால் பொய்யாகவா இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று முப்பது வருஷம் சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டுக்கு ஒரு போனாவது செய்து பார்த்திருக்க வேண்டும். நம்பரை எப்போதோ அழித்துவிட்டேன், யாரிடமாவது கேட்க வெட்கமாக இருந்தது.

இனிமேல் எழுதுவதுதான் சொல்லக் கூசுகிறது. அதைப் பள்ளிக்கூடக் குரூப்பில் நான் போட்டேன். போடும்போது மேலே, உறுதி செய்யப்பட்ட செய்தி என்றும், கீழே, மிகுந்த வேதனையுடன் வில்லியம் என்றும் நானாகவே சேர்த்தேன். யார் உறுதி செய்தது? ஒருவரும் இல்லை. என் பெயர் இருந்தால் மதிப்பார்கள் என்று ஓர் எண்ணம். மதிக்கத்தான் செய்தார்கள். பத்து நிமிஷத்தில் போன் அடிக்கத் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து ஒருவன், தரமணியில் ஆபீஸ் பஸ்ஸில் இருந்துகொண்டே ஒருவன். எல்லாரும் ராமானுஜத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சார் நீங்க எப்படி இருக்கீங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க என்று கேட்டார்கள். ஜொவி, உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் போன் அப்படி அடித்ததே இல்லை. அவ்வளவு துக்கத்திலும் எனக்கு அது நன்றாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பதினோரு மணிக்குத் தெற்கு மாட வீதியில் மாலை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, இன்னா சார், மாலைய மடியில வெச்சிக்கினு வர்றியே, யாரு பூட்டாங்க, சொந்தமா என்றார். சிநேகிதர் என்றேன். அந்தச் சொல் எனக்கே புதிதாகக் கேட்டது. கோபாலபுரத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் இல்லை, நாற்காலி போடவில்லை. பெல் அடித்தேன். ராமானுஜமே கதவைத் திறந்தார், பனியனும் வேட்டியுமாக, கையில் அன்றைய பேப்பர். என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். வாரும் வில்லியம், மாலையெல்லாம் வாங்கிண்டு வந்திருக்கீரே, யாருக்கு என்றார். உமக்குத்தான் என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன். அவர் சிரித்தார், நான் ஆத்துலதானே ஓய் இருக்கேன், எங்கயும் போகலையே என்றார். போனைக் காட்டினேன். படித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நீரஜா பாத்திருப்பாளோ என்றார்.

நீரஜா அவருடைய ஒரே மகள், ராட்டர்டாமில் இருக்கிறாள். அவருடைய போன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரிப்பேரில் இருந்திருக்கிறது. டைரியைத் தேடி எடுத்து என் போனிலேயே கூப்பிட்டார். அப்பா பேசறேன்டிம்மா, நன்னா இருக்கேன் என்றார். அந்தப் பக்கத்து அழுகை எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. கூடப் படித்தவர்கள் குரூப்பில் நான் போட்டதை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அப்பாவுக்குப் போன் போட்டுப் போட்டு, அவர் எடுக்காததால் டிக்கெட் போட்டுவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பியிருக்கிறாள். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள், நெட்ல வர்றதை நான் நம்பறதே இல்ல அங்கிள், கீழே உங்க பேர் இருந்துது, அதனாலதான் நம்பினேன் என்று. மன்னித்துக்கொள் அம்மா என்றேன், அது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

அப்புறம் அவர் காப்பி போட்டார், அவரே போட்டார். அவர் மனைவி சீதா மாமி எங்கே என்று கேட்டேன். அவ போய் நாலு வருஷம் ஆச்சே என்றார். அந்தச் செய்தி எனக்கு எந்தக் குரூப்பிலும் வரவில்லை ஜொவி. வந்தது பொய் ஒன்றுதான். வெட்கத்தோடு வெட்கமாக அந்தப் பழைய ஹெட்மாஸ்டர் விஷயத்தையும் கேட்டுவிட்டேன், நீர் அப்படிச் சொன்னீரா என்று. ஆமாம், சொன்னேன், உமக்குக் கோபம் ஜாஸ்தி, அந்த வேலை உமக்கு ஒத்துவராது, அன்னிக்கே கேட்டிருந்தா மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பேனே என்றார். கோபம் வரவில்லை, ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. மாலையை அவர் வீட்டில் வைக்க மனசு வரவில்லை, திரும்பும் வழியில் அம்மா கல்லறையில் சாத்திவிட்டு, நடந்ததை அவளிடமும் சொன்னேன்.

அந்தப் படத்தை முதலில் யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் தவறு செய்துவிட்டேன், ராமானுஜம் சார் நலமாக இருக்கிறார் என்று குரூப்பில் எழுதினேன். இரங்கலுக்கு அறுபது பேர் பதில் போட்டார்கள், இதற்கு நான்கு பேர். மறுநாள் காலையிலும் ஒருவன் ஆன்மா சாந்தியடையட்டும் என்று போடுகிறான். போன் பழையபடி சும்மா கிடக்கிறது. நீரஜா இப்போது தினமும் அப்பாவைக் கூப்பிடுகிறாளாம், ராமானுஜம் சொன்னார். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வாரும் என்று கூப்பிட்டிருக்கிறார், போக வேண்டும்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். என்னைப் பற்றி எங்கே எதைப் பார்த்தாலும், கீழே யார் பெயர் இருந்தாலும் நம்பாதே. முதலில் எனக்குப் போன் போடு. நான் எடுக்கவில்லை என்றால் கீழ் வீட்டு சோஃபியாவுக்குப் போடு, வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் கொடுத்திருக்கிறேன், நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வை. நிஜமாகவே எனக்கு ஏதாவது ஆனால் குரூப்பில் போடுவதற்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். என்ன அங்கிள் இப்படிப் பேசறீங்க என்று கண் கலங்கினாள், ஆனால் சரி என்றாள். அந்தச் செய்தி உன்னிடம் ஒரு மனுஷியின் குரலில், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஸ்டீவ் நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை போட்டுவிடு. மாதாவின் துணை உங்கள் மூவர்மேலும் என்றும் இருக்கட்டும்.

உன் அப்பா,
வில்லியம்