அவள் குரலில் மணி பத்து

ஏப்ரல் 6

இன்று அலுவலகத்தில் நல்ல கூத்து. எங்கள் திட்டத்துக்குப் பணம் தரும் வெள்ளைக்காரர், நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று ஓட்டுநரிடம் நேற்று கேட்டிருக்கிறார். அவன் "ரெண்டு" என்றிருக்கிறான். மனிதர் நடுப்பகல் கழிந்து இரண்டு மணிக்கு விடுதி வாசலில் போய் நிற்கிறார். ஓட்டுநர் காலையிலேயே வந்து, காத்திருந்து, வைதுவிட்டுத் திரும்பிவிட்டான். சுவாஹிலி பேசும் நமக்கோ சூரியன் வந்த பிறகுதான் மணி ஒன்று. அவர்களுடைய காலை எட்டு நம்முடைய இரண்டு. "வந்து ஒரு வாரம் ஆச்சு, பொழுது எப்ப விடியுதுன்னு யாருமே இவருகிட்ட சொல்லலை போல" என்றாள் ஸுபேதா. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஸுபேதா எங்கள் குழுவில் சோதனை பார்ப்பவள். நான் நிரல் எழுதுவேன், அவள் அதில் ஓட்டை கண்டுபிடிப்பாள். எழுதுவேன் என்பதே இப்போது பொய்தான். மூன்று மாதமாகக் கையால் ஒரு வரி எழுதவில்லை. என்ன வேண்டும் என்று சொல்கிறேன், இயந்திரம் எழுதித் தருகிறது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவன் கல்லைக் கட்டிக்கொண்டு அழுவானா?

ஏப்ரல் 9

தாலாதாலா சிற்றுந்தில் ஒரு விளம்பரம்: ஆறு வாரத்தில் நிரலாளர் ஆகலாம், டாலரில் சம்பளம். அடப் பாவிகளா. பாதி ஊர் இந்த ஆசையில் இருந்த மாட்டை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்து சின்சா பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறது. சின்னச் சின்ன வேலை எல்லாம் இனி இயந்திரத்துக்குத்தான். மேலே நின்று பார்க்கத் தெரிந்தவன் பிழைப்பான். நான் மேலே நிற்கிறேன். உறவுக்காரர்கள் கண்ணில் மட்டும் நான் இன்னும் போன் ரிப்பேர் செய்கிறவன்.

ஏப்ரல் 13

அணை எச்சரிக்கை வேலை எங்களுக்கே கிடைத்துவிட்டது! அணையில் மதகு திறப்பதற்கு முன், ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போகும். அணை அலுவலகத்தில் ஒருவர் நேரத்தைத் தட்டினால் போதும், இயந்திரம் அதைச் சுவாஹிலி வாக்கியமாக்கி வாயால் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

கீழ்க்கரையில்தான் கொம்போ அண்ணனின் நெல்வயல் இருக்கிறது. என்னைப் படிக்கவைத்தது அந்த வயல். உடனே அழைத்துச் சொன்னேன். "போடா, இத்தனை நாளா தண்ணி வர்றதை நாய் குரைச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். இனிமே நீ குரைக்கப் போறியா?" என்றார். அவருக்குப் பெருமைதான். கிண்டலில் மறைக்கிறார்.

ஏப்ரல் 17

குரல் ஸுபேதாவுடையது. தாங்கா ஊர்க்காரி பேசும் சுவாஹிலிக்கு ஈடு கிடையாது. இரண்டு நாள் அறையில் உட்கார்த்தி வாசிக்கவைத்துப் பதிவு செய்தோம். இன்று அந்தக் குரலில் இயந்திரம் தானாகப் பேசியது: "இன்று மணி பத்துக்கு மதகு திறக்கப்படும். ஆற்றை விட்டு மேலேறுங்கள்." உடம்பு சிலிர்த்தது. அவளே காதைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்லாததை நானே சொல்றேன். எனக்குப் பிடிக்கலை செய்ஃபு."

"புகழ் வருது உனக்கு. கரையோரம் முழுக்க உன் குரல்தான்."

"வர்றது புகழா வேற எதுவான்னு பாப்போம்" என்றாள். சகுனத்தடை மாதிரி இதென்ன பேச்சு!

ஏப்ரல் 20

மேலாளர் மாஸாவே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செலவைக் குறைக்க வேண்டுமாம். "சோதனையையும் இயந்திரமே பாத்துக்குமா? உன் அபிப்பிராயம் என்ன?"

பார்த்துக்கொள்ளும் என்றேன். அதுதான் என் அபிப்பிராயம். ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வருவதும் அதுதான். ஆனால் அவர் யாரை மனதில் வைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஏப்ரல் 22

ஸுபேதாவுக்கு இன்று கடைசி நாள். மேசையைக் காலி செய்துகொண்டே, "அணை வேலையில நேரம் சொல்ற பகுதியை நான் இன்னும் தொடவே இல்லை. ஒரு நாள் குடுக்கச் சொல்லு, பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

"எல்லாம் பச்சை காட்டுது ஸுபேதா. இயந்திரம் நூத்துக்கணக்குல சோதனை எழுதி, அதுவே ஓட்டிப் பாத்துடுச்சு."

"பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தினா பச்சைதான் காட்டும்."

சிரித்துவைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 26

முதல் எச்சரிக்கை போயிற்று. கொஞ்சம் தண்ணீர்தான். அண்ணன் பேசினார். "சாயங்காலம்னு சொன்னாங்க, உச்சி வெயிலுக்கு முன்னாடியே கணுக்கால் அளவு வந்துடுச்சு." அணைக்காரர்களுக்கு எப்போதுமே ஒழுங்கு கிடையாது. நம் நாட்டில் கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் பின்னால் உட்காரும் மனிதன் சரியில்லை. சொன்ன நேரத்தில் திறக்கச் சொல்லுங்கள் என்று மாஸாவே வழியாகக் கண்டிப்பாகக் கடிதம் அனுப்பினேன்.

ஏப்ரல் 30

மழை. மேலே மலையிலும் விடாமல் பெய்கிறதாம்.

மே 2

மழை. அணை நிரம்பிவிட்டது என்று வானொலி சொல்கிறது. நாளை எல்லா மதகும் திறப்பார்களாம். எனக்கென்னவோ உற்சாகமாக இருக்கிறது. அண்ணனிடம் சொன்னால் அடிப்பார். ஆனால் நாம் செய்த ஒன்று நாளை ஊரைக் காப்பாற்றப் போகிறது, இல்லையா?

மே 3

அண்ணன் காலையில் அழைத்தார். மழை இரைச்சலில் கத்திப் பேசினார். "உன் ஸுபேதா கூப்பிட்டுச்சு. மணி பத்துக்குத்தான் திறக்கிறாங்களாம். சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு. பம்பு எஞ்சினைக் கழட்டிக் கரையேத்திட்டு வந்துடறேன்."

பாத்து அண்ணா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

தேநீரோடு உட்கார்ந்து, எத்தனை பேருக்குப் போன் போயிருக்கிறது என்று திரையைத் திறந்தேன். மாஸாவேயிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான். எல்லோருக்கும் போயிருந்தது. அணை அலுவலகம் தட்டிய நேரம் 10:00 என்று இருந்தது.

10:00.

அது அவர்கள் பத்து. அலுவலகப் பத்து. காலை. நம் வாயில் அது மணி நாலு. நாலு என்று சொல்லியிருக்க வேண்டும். இயந்திரம் எண்ணைப் பார்த்து அப்படியே பத்து என்று சொல்லிவிட்டது. மணி பத்து என்றால் இங்கே எந்தக் குழந்தையும் சாயங்காலம் என்றுதான் புரிந்துகொள்ளும். நானும் அப்படித்தானே கேட்டேன்! அன்று அந்த அறையில் உடம்பு சிலிர்க்கக் கேட்டேனே, உள்ளே என்ன நேரம் கொடுத்திருக்கிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்தேனா? எழுதியதும் அது, சோதித்ததும் அது. தப்பும் தப்பும் கைகுலுக்கிப் பச்சை காட்டியிருக்கிறது. அண்ணன் போன வாரமே சொன்னார். உச்சி வெயிலுக்கு முன்னாடின்னு சொன்னாரே. நான் கடிதம் எழுதினேன். சொன்ன நேரத்துல திறங்கன்னு எழுதினேன்—

அப்போது சுவர்க் கடிகாரத்தில் காலை பத்தாகப் பத்து நிமிடம்.

போன் போகவில்லை. திரும்பத் திரும்ப. எடு அண்ணா. எஞ்சின் போனா போகட்டும், எடு.

மே 4

பாதி வழியில் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. அண்ணி எடுத்தார், அழுகைதான் கேட்டது.

மே 5

கிடைத்துவிட்டார். வயலிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு மாமரத்தடியில். கையில் ஸ்பேனர் இருந்ததாம். நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தெருவில் மூன்று வீடுகளில் துக்கப் பாய் விரித்திருக்கிறது.

மே 7

மாஸாவே அழைத்து ஆறுதல் சொன்னார். தப்பு எங்கே என்று பேருந்திலிருந்தே அவரிடம் சொல்லியிருந்தேன். பிறகு, "ரெண்டே வரிதான்பா. இயந்திரம் ஒரு நிமிஷத்துல திருத்திடுச்சு. இப்ப எல்லாம் பச்சை" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். யார் மேல் ஆத்திரம்? அவர் கேட்டபோது பார்த்துக்கொள்ளும் என்று சொன்னது யார்?

இங்கே யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. அணைக்காரர்கள் முன்கூட்டியே திறந்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கத் திட்டுகிறது. நானும் பாயில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

மே 10

ஸுபேதா துக்கம் கேட்க வந்தாள். வேலையை விட்டு அனுப்பிய பிறகும், அத்தனை தூரம் வந்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. காங்காத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பெண்கள் இருந்த பக்கம் போனாள்.

"பொலேனி" என்றாள். இங்கே துக்கத்தில் எல்லோரும் சொல்லும் ஒற்றைச் சொல்தான்.

பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி மெல்ல நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவை பேசும்மா" என்றார்.

ஸுபேதா விழித்தாள். "என்னக்கா? நான் செய்ஃபுவோட வேலை பாத்தவ—"

"இவதான். போன்ல சொன்னது இவதான். மணி பத்துன்னு சொன்னவ" என்றார் அண்ணி. கோபமே இல்லை அந்தக் குரலில். "ஏம்மா எங்ககிட்ட பொய் சொன்னே?"

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணியைக் கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

"செய்ஃபு, என் குரல் என்ன சொல்லுச்சு?"

சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். 10:00 என்று தட்டியதை, நான் காதால் கேட்டும் உள்ளே பார்க்காததை, அவள் கேட்ட ஒரு நாளை நான் கொடுக்காததை. யாரும் என்னை அடிக்கவில்லை. அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் அப்போதும் ஸுபேதாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை இல்லை. காதில் கேட்டது அவள் குரல்தானே.

அவள் காங்காவின் ஓரத்தால் வாயை மூடிக்கொண்டு சாயங்காலம் வரை அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது சைகையால்தான் விடைபெற்றாள். பேருந்து நிலையம் வரை அவளோடு நடந்தேன். வரிசையில் அவள் முறை வந்தது. நடத்துநர் எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டார். அவளுக்கான சீட்டை நான்தான் கேட்டு வாங்கினேன்.