கின்ஆ என்று நீ வாசித்த சொல்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பத்துக் கட்டளைகளை வாசித்தார்கள். ஆண்டவர் தம்மைப் பற்றிச் சொல்லும் ‘எரிச்சலுள்ள’ என்ற சொல் வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். நீ போய் ஆறு வருடமாகிறது. உன் கணவனுக்கு இன்னும் அந்தச் சொல்லைக் கடந்து போகத் தெரியவில்லை.

நீ கையுறை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த காலம். நான் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில். பொன்னேரிச் சபையில் சனிக்கிழமைகளில் எபிரெயு சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஷிப்ட் முடிந்த கையோடு ரயிலேறிப் போனாய். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், வேதத்தை மூல மொழியிலேயே படிக்க வேண்டும் என்றாய். வாத்தியார் இளவயதுக்காரர். வீட்டிலும் அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு உள்ளே புகைந்தது.

ஒரு சனிக்கிழமை உன் பின்னாலேயே வந்தேன். கரும்பலகையில் ஏதோ எழுதிவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாய். என்னோடு நீ அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. உள்ளே நுழைந்து, அத்தனை பேர் முன்னால் உன் கையைப் பிடித்தேன்.

“போதும், ஊட்டுக்கு வா.”

நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, நான் சாப்பிடும்போது அந்த நோட்டை விரித்துக் காட்டினாய்.

“இத பாருய்யா. கின்ஆ.”

“இன்னா?”

“இன்னா இல்லய்யா, கின்ஆ. வேதத்துல அண்ணங்காரங்க தம்பி மேல பட்டாங்களே பொறாமை, அதுக்கும் இந்த வார்த்தைதான். ஆண்டவருக்கு வர்ற எரிச்சலுக்கும் இதான். அவரு ஜனங்களுக்காக வைராக்கியமா நிக்கிறாரே, அதுக்கும் இதேதான்.”

“அப்போ அவரும் என்ன மாதிரிதானே?”

நீ சிரிக்கவில்லை. “அவரு தன் ஜனங்கள உட்டுறக் கூடாதுன்னு எரியறாரு. நீ எதுக்குய்யா எரிஞ்ச?”

அடுத்த சனிக்கிழமை நானே உன்னைக் கூட்டிப்போனேன். அறை பூட்டிக் கிடந்தது. வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றலாகி, வகுப்பே நின்றுபோயிருந்தது. “பரவால்லய்யா, வா” என்று நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய்.

மறுவருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் ஒருநாள், “உன் படிப்ப நாந்தான் கெடுத்தேம்மே” என்றேன்.

“கெடுத்ததான்” என்றாய், என் கையை விடாமல்.

போன மாதம் நம் மகள், திருவள்ளூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கப் போவதாகச் சொன்னாள். நெஞ்சில் அதே தீ. பொன்னேரியிலேயே ஏதாவது படியேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வாசல்வரை போனேன்.

“நீ கெளம்பு நைனா, நான் பாத்துக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை. எரிந்துகொண்டேதான் ரயிலேறி வந்தேன். இதற்குக் கின்ஆவின் அந்த மூன்று பெயரில் எது என்று கேட்கத்தான் நீ இல்லை.