உனக்காகப் பழக்கிய பூட்ஸ்

வொஸ், பிப்ரவரி 9

அன்பு மகள் ஹெர்டிஸுக்கு,

நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் உன் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே வாரம் முழுக்கப் பனி, அப்பா கூரையில் ஏறி ஏறித் தள்ளுகிறார், இடுப்பு வலிப்பதை என்னிடம் மறைக்கிறார். நீ பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க ஜப்பானுக்குப் போய் இது இரண்டாவது குளிர்காலம். போன வாரம் போனில், பூட்ஸ் தொளதொளத்துவிட்டது, காலைப் பலகையோடு இறுக்கும் பட்டையின் பல் தேய்ந்து வழுக்குகிறது, பலகையும் பழசு, எல்லாம் புதிதாக வாங்கினால் ஈஸ்டருக்கு ஊர் வர டிக்கெட் எடுக்க முடியாது என்றாய். சரிம்மா, உனக்கு எது தேவையோ அதைச் செய் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு நாள்காட்டியில் ஈஸ்டர் வாரத்தைத் தேடிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தை போட்டிருந்தார்கள். உன்னோடு மலையில் சுற்றிய ஸ்டெய்னார்தான் இப்போது நடத்துகிறான். உன் கதையைச் சொன்னேன். "பலகைய அப்புறம் பாத்துக்கலாம்மா, பூட்ஸுக்குள்ள குதிகால் தூக்குச்சுன்னா எவ்வளவு விலை குடுத்து வாங்குன பலகையும் சொன்ன பேச்சு கேக்காது, கையில காசு கம்மின்னா மொதல்ல பூட்ஸ்தான்" என்றான். யாரோ பெர்கன்காரர் ஒரு தடவை போட்டுவிட்டு வேண்டாம் என்று விற்ற ஜோடி ஒன்றை எடுத்து வந்து அளவு கேட்டான். நான் என் காலை நீட்டினேன். "ஓட்டப்போறது அவளா நீங்களா" என்று சிரித்தான். "பதினஞ்சு வயசுலேர்ந்து என் செருப்பத்தானே அவ போட்டுத் தொலைச்சா" என்றேன். விலை நம்மால் முடிந்த விலைதான், கவலைப்படாதே.

பூட்ஸ் ரொம்ப விறைப்பு, யாராவது போட்டு நடந்தால்தான் படியும் என்றான். அன்றிலிருந்து சமையல், துணி மடிப்பது, விறகு எடுக்கப் போவது எல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான். தபால் கொடுக்க வந்த பெண்ணும் பார்த்துவிட்டாள். அப்பா, "என்னடி, போட்டிக்குக் கிளம்பிட்டியா, மொதல்ல உருளைக்கிழங்க இறக்கு, கருகுது" என்கிறார். ஆனால் அவர்தான் நிலவறைக்குப் போய் நீ இங்கே விட்டுப்போன பழைய பலகையிலிருந்து பட்டைகளைக் கழற்றித் துடைத்து வைத்தார். அங்கே உன் பலகையில் பட்டையை மட்டும் மாற்று, அடியில் இருக்கும் தட்டு நன்றாகத்தான் இருக்கும் என்கிறார். பலகையில் விரிசல் இல்லை என்றால் அதை விட்டுவிடாதே, விளிம்பைத் தீட்டி மெழுகு தேய்த்தால் இன்னும் ஒரு குளிர்காலம் ஓடும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இதை அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொள்ளலாம், எடுக்கவாவது நீ வருவாய் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். "அவ அங்க ஆடுற பூட்ஸப் போட்டுக்கிட்டு ஊரான் புள்ளைங்களக் கையப் பிடிச்சு இறக்குறா, இது இங்க அலமாரியில உக்காந்து என்ன பண்ணப்போவுது" என்றார். இன்று காலை பூட்ஸையும் பட்டைகளையும் வைத்துப் பெட்டி கட்டினோம், இடுக்கில் பழுப்புச் சீஸ் வைத்திருக்கிறேன். மிச்சமாகும் பணத்தில் டிக்கெட் எடுத்தாலும் சரி, பலகை வாங்கினாலும் சரி, அது உன் பணம். நீ வந்தால் நன்றாக இருக்கும் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா.

உன் கால் வலுவாக இருக்கட்டும், விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திரு, மலை உன்னை எப்போதும் பத்திரமாக இறக்கிவிடட்டும். பட்டையை மாட்டினால் முதல் நாள் ஓட்டி முடித்ததும் திருகுகளை இன்னொரு தடவை இறுக்கு, மறக்காதே. பெட்டியை மூடும் முன் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், அப்போதுதான் கழற்றியதால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஜப்பான் வரைக்கும் அந்தச் சூடு தாங்காது என்று தெரியும், இருந்தாலும் ஆறுவதற்குள் அவசரமாக ஒட்டிவிட்டேன்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா தூரூன்