நீச்சல் குளத்து உப்பு

ஜோகூர் பாரு, மலேசியா

அன்புள்ள அம்மாவுக்கு, பிரபு எழுதுவது. ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறேன். நீயும், இதை உனக்கு வாசித்துக் காட்டும் தங்கச்சி லிடியாவும் சுகந்தானே? மரக்காணத்தில் மழை விட்டு, உப்பளத்தில் வேலை தொடங்கியாயிற்றா? போனில் பேசினால், "ஏன்டா குரல் ஒருமாதிரி இருக்குது?" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் இடி விழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. நான் ஸ்பேனர் எடுக்க வேனுக்குப் போயிருந்தேன். நீச்சல் குளத்து மோட்டாரும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் போர்டும்தான் கருகிவிட்டன. இங்கே குளத்தைச் சுத்தமாக வைக்க உப்புதான் போடுகிறார்கள், அம்மா. மோட்டாரை மாற்றவே மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் மழை. போர்டு வரும்வரை, உப்பளத்தில் நீ செய்வதுபோல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தே உப்பைக் கொட்டினேன். புதுப் போர்டை மாட்டியபோது அதுவும் அளவு சரியென்றே காட்டியது.

வீட்டுக்காரம்மாவும் தமிழர்தான். அசந்துபோய்விட்டார். "உப்புத் தண்ணி தோலுக்கு ரொம்ப நல்லது, தெரியுமா தம்பி?" என்றார். உன் குதிகால் வெடிப்பு ஞாபகம் வந்தது. "ஆமாங்க" என்றேன்.

லிடியாவிடம் சொல்லி உன் பாதத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், கிளம்புகிறேன். போட்டோவில் முகம் வேண்டாம். முகம் என்றால் நீ சிரித்துவிடுவாய்.

உன் மகன்,
ஆரோக்கிய பிரபு