அமாவாசையில் பறக்காதவன்

இன்று காளி பூஜை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கீழ்வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்றில் ஒன்று அணையும்போதெல்லாம் திரி கருகிய வாசனை மாடிக் கதவு வரை வருகிறது. அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சால்ட் லேக் ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்ன நம் மாலு அதன் பிறகு போனை எடுக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் உங்களிடம் பேசித்தான் எனக்குப் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்திருந்தால் என்னைவிட மோசமாக இருந்திருப்பீர்கள். படியிறங்கிய பிறகும் கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற மனிதர். துறைமுக ஆபீசில் கப்பலேறும் சரக்கும் காகிதமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அந்தக் கண்ணை ஆபீசிலேயே விட்டுவிட்டு வர உங்களுக்குத் தெரியாது. மாலுவின் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்த பறக்கும் வீரன்கூட அதற்குத் தப்பவில்லை. வெயில் பட்டால்தான் அவனுக்குச் சக்தி. பொழுது சாய்ந்துவிட்டால் நம்மைப் போல நடந்துதான் போகவேண்டும். ஒரு வாரம் அதே வீரன் நிலா காயும் ராத்திரியில் பறந்து வந்து, மாடியிலிருந்து விழுந்த குழந்தையைத் தாங்கிப் பிடித்தான். மாலு கை தட்டினாள். நீங்கள் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தீர்கள்.

"ஒட்டவே இல்லையே. ராத்திரில இவன் எப்படிப் பறக்கறான்?"

அதோடு விட்டீர்களா? ஊரே இருட்டில் கிடக்கும்போது வில்லன் வீட்டு லிஃப்ட் மட்டும் எப்படி ஓடுகிறது, பூட்டின அறைக்குள் அவன் எப்படி வந்தான் என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். குழந்தை அழுதுவிடும், விடுங்களேன் என்றேன். அவள் அழவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அழுதிருந்தால் தேவலை.

அந்த வருஷக் காளி பூஜைக்கும் இதே மாடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நம் தீபாவளி எண்ணெய்க் குளியலோடு முடிந்துவிட்டது. சாயங்காலம் பக்கத்துவீட்டு வங்காளி மாஷிமாவுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு, மாலுவைச் சாப்பிடக் கூப்பிட உங்கள் பின்னாலேயே மாடியேறினேன். அவள் சுவர்மேல், மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"கிட்ட வராத அப்பா. அவன் வருவான், நீயே பாரு."

அவனுக்காக வழக்காட வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. டம்ளர் விழுந்தால்கூடக் கத்துகிற நீங்கள் அன்று கத்தவில்லை. பொழுது சாய்ந்துவிட்டதே, இப்போது அவனுக்குச் சக்தி இருக்காதே என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

"அன்னிக்கு ராத்திரில பறந்தானே. நீதானே சொன்னே."

நீங்கள் தோண்டிய குழி. அதிலிருந்து ஏற, அந்தத் தொடரை எழுதினவர்களுக்குக்கூடத் தோன்றாத ஒன்றைச் சொன்னீர்கள்.

"அப்பாதான் சரியா யோசிக்கலம்மா. அன்னிக்கு நிலா இருந்தது. நிலாவுக்கு வெளிச்சம் எங்கேர்ந்து வருது?"

"சூரியன்கிட்டேர்ந்து."

"அதான் பறந்தான். இன்னிக்குப் பாரு, அமாவாசை."

அவள் நிலாவைத் தேடி அண்ணாந்து பார்த்தாள். அதற்குள் உங்கள் கை அவள் இடுப்பைச் சுற்றிவிட்டது. அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மறுநாள் காலையில், அவன் வெறும் நடிகன், கயிறு கட்டித் தொங்கவிட்டுப் படம் பிடிக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னீர்கள். அவள் அழுதாள். நீங்களும் அழுதீர்கள். அதன்பிறகு தொடரில் எந்த ஓட்டை தெரிந்தாலும் இரண்டு பேருமாக உட்கார்ந்து அதை அடைப்பதே ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது.

எனக்கு உங்கள் கதையில்தான் ஒரு இடம் ஒட்டவில்லை. நான் தும்மினால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடிய மனிதர், உங்கள் நெஞ்சுவலியை மட்டும் ஏன் சொல்லவில்லை? ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியில்கூட, மாலுவுக்குப் பரீட்சை, அவளுக்குச் சொல்லாதே என்றீர்கள். இத்தனை வருஷமாக இதற்கு ஒரு விளக்கம் தேடுகிறேன். கோபமாகவும் இருக்கிறது.

இவ்வளவு எழுதுவதற்குள் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எழுந்து சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். மாலுதான். பூஜைப் பந்தல் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லையாம், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், மெட்ரோவிலிருந்து நடந்தே வந்தாளாம். எல்லாம் ஒட்டுகிறது. எனக்குத்தான் அது முன்னாலேயே தோன்றவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தாள். கடைசிப் பத்தியைத் திரும்பவும் படித்தாள்.

"அப்பா நமக்காகவே பயந்துண்டு இருந்தார்மா. தனக்காகப் பயப்பட அவருக்கு நேரமே ஒழியல."

ஒட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறி, சுவரோரம் நிற்காதே என்று என்னை அதட்டி உள்ளே கூட்டிவந்ததும் அவள்தான். இப்போது, கேஸை மூடினாயா என்று கேட்டாள். மூடிவிட்டேன் என்றேன். சொல்லிவிட்டு, நான் எழுந்து போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பின்னாலேயே அவளும் போய்ப் பார்த்தாள்.