வளையம் யார் கழுத்துக்கு

கிளென்டிஸ், டோனிகல்
1986 ஜூன் 23

யூனன்,

எப்போதும் ‘அன்புள்ள தம்பி’ என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அந்தச் சொல் கைக்கு வரவில்லை.

நீயும் உன் புதுப் பெண்டாட்டி நூலாவும் என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்று விமானம் ஏறப் போன பிறகு சமையலறைக்குள் வந்தேன். மேசைமேல் உன் கைக்குட்டை, முடிச்சுப் போட்டு. கல்யாணக் கேக்கை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்து அவிழ்த்தேன். கழுத்து வளையம் இரண்டு துண்டாகக் கிடந்தது.

இரண்டாயிரம் வருஷம் சதுப்புக்குள் கிடந்தும் கீறல் விழாத பொன், யூனன். உன் ஒரு கல்யாண விருந்தைத் தாங்கவில்லை.

என் சதுப்பில் நான் கண்டெடுத்த பொருளை எடுக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது? மண்ணுக்குள் கிடைக்கிற இந்த மாதிரிப் பொருள் அரசாங்கத்தைச் சேர்ந்தது, கல்யாணம் முடிந்த கையோடு டப்ளின் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ‘சரி அண்ணா’ என்று தலையாட்டினாய். பிறகு பரணிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு போய், ஆட்டம் சூடு பிடித்ததும் பொத்தானைத் திறந்து ஊருக்கே காட்டினாய். “பாத்துக்கோங்கடா, பாய்ல் வீட்டுக்குத் தலைவன் எவன்னு!” என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பாஸ்டனில் அமெரிக்கர்களுக்குப் பித்தளை வளையத்தைக் பழங்காலக் கெல்ட் இனத்து வீரனின் சின்னம் என்று சொல்லி விற்று விற்று, கடைசியில் அந்தப் பைத்தியம் உனக்கே பிடித்துவிட்டது.

ஒடித்ததைக்கூட விடு. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே, அதுதான் ஆறவில்லை.

நேற்று போலீஸ் சார்ஜன்ட் வந்தார். “மானஸ், உன் தம்பி கழுத்துல கெடந்தது தகரமா, தங்கமா?” என்றார். ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். என்ன சொல்லட்டும்? நீயே எழுது.

மானஸ்


பாஸ்டன்
1986 ஜூலை 5

அண்ணா,

ஒடிந்தது உண்மை. கழற்றும்போது ஒடிந்தது. நூலா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ எனக்காக முட்டை பொரித்துக்கொண்டிருந்தாய். சொல்ல வரவில்லை.

அதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். ‘என் சதுப்பில் நான் கண்டெடுத்த பொருள்’ என்ற வரியைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

நீயா கண்டெடுத்தாய்? கல்யாணத்துக்கு நான் ஊர் வந்த மே மாதம், அடுப்பில் எரிக்கச் சதுப்பில் கரிமண் வெட்டப் போனோமே, மண்வெட்டி யார் கையில் இருந்தது? நீ குழிக்கு மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். “அண்ணா, ஏதோ வேர் மாட்டுது” என்றேன். “வேருன்னா வெட்டுடா, என்ன கொஞ்சிக்கிட்டு நிக்கிற” என்றாய். உன் பேச்சைக் கேட்டு வெட்டியிருந்தால் அன்றைக்கே அது துண்டாகியிருக்கும். சேற்றுக்குள் கையை விட்டு அலுங்காமல் எடுத்தவன் நான். வீடு வந்து சேர்வதற்குள் அது உன்னுடையதாகிவிட்டது. நம் வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

அப்பா வீட்டையும் ஆடுகளையும் சதுப்பையும் உன் பேருக்கு எழுதினார். எனக்கு ஒரு பெட்டியும் அமெரிக்காவுக்கு ஒரு டிக்கெட்டும். “நெலத்துல ஒருத்தன்தான்டா பொழைக்க முடியும்” என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

அந்தக் காலத்தில் கூட்டத்துக்குத் தலைவனாக இருக்கிற ஆண்தான் கழுத்தில் அந்த வளையத்தைப் போடுவான். கடைக்கு வருகிறவனிடமெல்லாம் இதைச் சொல்லித்தான் விற்கிறேன். வாங்குகிறவன் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நிற்பான். ஒரு நாளாவது என் சொந்த ஊரில் நானும் அப்படி நிற்கலாம் என்று நினைத்தேன். நீ அதற்குக் காட்டிய மரியாதைதான் என்ன? ஆட்டு மருந்து டப்பாவுக்குள் போட்டுப் பரணில் வைத்திருந்தாய்!

சார்ஜன்ட்டிடம் மண்வெட்டி பட்டு ஒடிந்தது என்று சொல்லிவிடு. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான என் தாள்கள் இன்னும் வரவில்லை. போலீஸ் வழக்கு என்று ஒன்று என் பேரில் விழுந்தால் துரத்திவிடுவார்கள். அண்ணன் என்று இருப்பதற்கு இதையாவது செய்.

யூனன்


பாஸ்டன்
1986 ஆகஸ்ட் 2

அண்ணா,

பதில் இல்லை. போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய்.

போன கடிதத்தில் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப வாங்க மாட்டேன். ஆனால் கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் போலீஸோ என்று திரும்பிப் பார்க்கிறேன். என்ன சொன்னாய் என்று மட்டும் எழுது. திட்டியாவது எழுது.

யூனன்


கிளென்டிஸ்
1986 ஆகஸ்ட் 14

யூனன்,

திட்டித்தான் எழுதப்போகிறேன். உட்கார்ந்து படி.

சார்ஜன்ட்டோடு டப்ளினுக்குப் போய்விட்டு வந்தேன். அருங்காட்சியகத்தில் ஒரு அம்மாள் துண்டுகளை வெள்ளைத் துணிமேல் வைத்துக் குனிந்து பார்த்தார். “யாருங்க ஒடிச்சது?” என்றார். நீ சொல்லச் சொன்ன பொய் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. “என் தம்பி. கல்யாணத்துல போட்டுக்கிட்டான்” என்றேன். பேரையும் கொடுத்தேன்.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “அந்தக் காலத்து ஆம்பளைங்கள்ல சில பேரு ஒடம்புல பொட்டுத் துணியில்லாம, இத மட்டும் மாட்டிக்கிட்டுச் சண்டைக்குப் போயிருக்காங்க” என்றார். “இவன் கால்சட்டை போட்டிருந்தான்” என்றேன். சார்ஜன்ட் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சதுப்பில் அதை யார் தொலைத்திருப்பார்கள் என்று கேட்டேன். தொலைத்ததாக இருக்காது என்றார். அப்போது அங்கே குளம் இருந்திருக்குமாம். தெய்வத்துக்கென்று வேண்டிக்கொண்டு, கழுத்திலிருந்து கழற்றித் தண்ணீருக்குக் கொடுத்திருப்பார்களாம். அப்படிக் கொடுத்ததைத்தான் நாம் இரண்டு பேரும் உனக்கா எனக்கா என்று இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிறகு கண்டெடுத்தவர் யார் என்று கேட்டார். சார்ஜன்ட் என் பேரைச் சொன்னார். நான் பேசாமல் இருந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பார்கள்.

“நான் இல்லீங்க. அதுவும் தம்பிதான்” என்றேன்.

“ஒடிச்சவரும் அவரு, எடுத்தவரும் அவரா?”

“ரெண்டும் அவன்தான். எழுதிக்கோங்க.”

ஒன்றில் உண்மை, ஒன்றில் பொய் என்று உனக்கு வசதியாகச் சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் உன் பேரில் எழுதிக்கொண்டார்கள். வழக்கு வராது. உடனே சொல்லாததற்காக, ஊர் வந்து சேரும் வரை சார்ஜன்ட் என்னைத்தான் காய்ச்சி எடுத்தார். துண்டுகளை ஒட்டிவிடலாமாம். ஒட்டிய இடம் மட்டும் தெரியுமாம்.

அப்பா எழுதிவைத்ததைப் பற்றிப் பேசுகிறாய். இந்த நிலம் வேண்டுமா என்று என்னை யாராவது கேட்டார்களா? நீ பாஸ்டனில் தொப்பி போட்டுத் திரிந்த வருஷமெல்லாம் நான் மழையில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தேன். எனக்கும் ஒரு பெட்டி கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். உனக்கு அது தெரியாது. கேட்டால்தானே?

வக்கீலைப் பார்த்தேன். சதுப்பில் ஆற்றுப் பக்கத்துப் பாதியை உன் பேருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். பாசம் என்று எண்ணிக்கொள்ளாதே. இனி எதையாவது ஒடிப்பதானால் உன் நிலத்தில் கிடைத்ததை ஒடி. நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் அமெரிக்கத் தாள்கள் கைக்கு வந்ததும் நூலாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு நான் வர மாட்டேன். இன்னும் கோபம் இருக்கிறது. டோனிகல் டவுனிலிருந்து சாயங்காலம் ஒரு பஸ் உண்டு.

மானஸ்